பழைய பொருளை விக்கறீங்களா? அந்தக் கடைசி ஆயிரம் ரூபாயை விட்டுடுங்க



போன மாசம் ஒரு கிளையண்ட் என் ஆபீசுக்கு வந்தார். ஒரகடம் ரோட்டுல ஒரு கம்பெனியில வேலை பார்த்தவர். வேலை போய் நாலு மாசம் கையில காசு இல்லாம இருந்தப்ப தன்னோட பைக்கை ஆன்லைன்ல போட்டு வித்திருக்கார். வருமான வரி நோட்டீஸ்னு நினைச்சு ஒரு கவரைப் பயந்துக்கிட்டே எடுத்துட்டு வந்தார். பிரிச்சுப் பார்த்தா அது வருமான வரி இல்லை. விபத்து இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு. இவர் வித்த பைக்கை யாரோ ஓட்டிட்டுப் போய் ஒரு பெரியவர் மேல இடிச்சிருக்காங்க. ஆர்.சி.யில பேர் இன்னும் இவர் பேர்தான். இன்ஷூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருக்கு.

பைக்கை எவ்வளவுக்கு வித்தீங்கன்னு கேட்டேன். 28,000. பேர் ஏன் மாத்தலைன்னு கேட்டேன். "சார், ஒருத்தர் 26,500 தர்றேன், ஆர்.டி.ஓ. வேலையைச் சேர்ந்து போய் முடிச்சுட்டு வண்டியை எடுத்துக்கறேன்னு சொன்னார். இன்னொருத்தர் 28,000 இப்பவே தர்றேன், ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, பேர் நான் மாத்திக்கறேன்னார்" என்றார்.

வித்தியாசம் 1,500 ரூபாய். இன்னிக்கு இந்தப் பதிவு அந்த 1,500 ரூபாயைப் பத்தித்தான்.

நம்ம சேனல்ல பழைய பொருள் விக்கறதைப் பத்தி அடிக்கடி கேக்கறீங்க. "வீட்டுல சும்மா கிடக்கறதை வித்து மாசம் பத்தாயிரம் சம்பாதிங்க"ன்னு நிறைய வீடியோ வருது. சி.ஏ.வா ஒண்ணு சொல்லிடறேன். உபயோகிச்ச பொருளை விக்கறது சம்பாத்தியமே இல்லை. ஏற்கனவே செலவழிச்ச காசுல ஒரு துண்டு திரும்பி வருது, அவ்வளவுதான். அதுலயும் "இன்னும் கொஞ்சம் வரும்"னு காத்திருக்கறப்பதான் நாம உண்மையிலேயே நஷ்டப்படறோம். இதை நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க வீட்டு ட்ரெட்மில்

சிங்கப்பெருமாள் கோயில்ல நாங்க வாடகைக்கு இருந்த வீடு 900 சதுர அடி, வாடகை 14,000. கொரோனா முடிஞ்ச சமயம் 32,000 ரூபாய்க்கு ஒரு ட்ரெட்மில் வாங்கினேன், "நோ காஸ்ட்" இ.எம்.ஐ.ல. முதல் மாசம் நான் ஓடினேன். அப்புறம் என் மனைவி ரெண்டு மாசம் நடந்தாங்க. அதுக்கப்புறம் துணி காயப்போட்டோம்.

ஆன்லைன்ல 12,000-னு போட்டேன். முதல் வாரமே மறைமலை நகர்ல இருந்து ஒருத்தர் வந்து பார்த்துட்டு 9,000 தர்றேன்னார். எனக்குக் கோபம். 32,000 ரூபாய் பொருளை 9,000-க்கா? குடுக்கலை. பதினாலு மாசம் கழிச்சு 7,000-க்கு வித்தேன்.

பேலன்ஸ் ஷீட் போடறவன்கிறதால கணக்கு போட்டுப் பார்க்காம இருக்க முடியலை. 14,000-ஐ 900-ஆல வகுத்தா சதுர அடிக்குச் சுமார் 15 ரூபாய் 56 காசு. ட்ரெட்மில் அடைச்ச இடம் ஆறுக்கு மூணு, 18 சதுர அடி. மாசம் 280 ரூபாய் வாடகை அந்த மெஷினுக்கு மட்டும் நான் கட்டியிருக்கேன். பதினாலு மாசத்துக்கு 3,920. விலையில விட்டது 2,000. 3,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 5,920 விட்டிருக்கேன். அந்த இடத்துல என் பொண்ணோட படிக்கற டேபிளைப் போட்டிருக்கலாம், அதை எப்படிக் கணக்கு போடறதுன்னு தெரியலை.

வாங்கின விலை உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. வாங்க வர்றவருக்கு அதுல அக்கறையே இல்லை. அவர் பார்க்கறது ரெண்டுதான்: இதே மாதிரி பழசு இன்னிக்கு வேற எங்க கிடைக்குது, புதுசு இன்னிக்கு ஆஃபர்ல எவ்வளவு.

ஏலம்னா நமக்கு ஒரு பயம்

வெளிநாட்டுல பழைய சாமானை ஆன்லைன் ஏலத்துல விக்கறாங்களே, நம்ம ஊர்ல ஏன் இல்லைன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இருந்துச்சு. பாஸீ டாட் காம்னு 2000-ல ஆரம்பிச்ச இந்திய ஏலத் தளம். 2004-ல ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி ஈபே இந்தியா ஆக்குச்சு. 2017-ல அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போச்சு, 2018 ஆகஸ்ட்ல மூடியே போச்சு. இந்தப் பக்கம் ஓ.எல்.எக்ஸ். மாதிரி, ஃபோட்டோ போட்டு விலை போட்டு "பேசிக்கலாம்"னு விடற தளங்கள் நின்னுடுச்சு. அந்த இந்தியத் தொழிலை 2023-ல கார்ட்ரேட் 537 கோடிக்கு வாங்குச்சு.

என் கருத்து என்னன்னா, நமக்கு ஏலம்னாலே முதல்ல ஞாபகம் வர்றது அடகுக் கடை நோட்டீஸ். "நகை ஏலத்துக்குப் போயிடுச்சு"ங்கறதை யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க. அடுத்தது ஏலச்சீட்டு. சீட்டு கட்டினவங்களுக்குத் தெரியும், யாருக்கு அவசரமோ அவங்கதான் அதிகமா தள்ளி எடுப்பாங்க. அதனால ஏலம்னா "இவனுக்குக் கஷ்டம் போல"ன்னு மனசு சொல்லுது. பேரம்னா அப்படி இல்லை, அதுல ஒரு கௌரவம் இருக்கு.

ஆனா நம்ம பக்கத்துலயே தினமும் காலையில கௌரவமா ஒரு ஏலம் நடக்குது. கோவளம், மாமல்லபுரம் பக்கம் விடியக்காலைல போட் கரைக்கு வர்ற நேரம் போய்ப் பாருங்க. கூடையை மணல்ல கவுத்தாச்சுன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல விலை முடிஞ்சிடும். டீசல் எவ்வளவு ஆச்சு, வலை எவ்வளவுக்கு வாங்கினோம்னு யாரும் அங்க சொல்லிக்கிட்டு நிக்கறதில்லை. வெயில் ஏறினா மீன் நிக்காது, அது வித்தவருக்கும் தெரியும், வாங்கறவருக்கும் தெரியும்.

உங்க வீட்டு பழைய மெத்தையும் மீன்தான். கொஞ்சம் மெதுவா கெட்டுப் போற மீன். மொபைல் ஃபோன் ரொம்ப வேகமா கெட்டுப் போற மீன். புது மாடல் வந்த அன்னிக்கே ஒரு படி இறங்கிடும்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு வீடு மாத்தறதுக்கு முன்னாடி எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல நானே ஒரு ஏலம் விட்டேன். பதினோரு பொருள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோட்டோ போட்டேன், ஆரம்ப விலை 100-லேர்ந்து 300 வரை, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு குளோஸ். ஒவ்வொரு பொருளுக்கும் என்ன குறைன்னு முதல் வரியிலேயே எழுதினேன். "மிக்ஸி, சின்ன ஜார் பிளேடு போயிடுச்சு." "சைக்கிள், பின் பிரேக் பிடிக்காது." என் மனைவிக்கு இதுல சுத்தமா இஷ்டம் இல்லை. "நம்ம சாமானை நூறு ரூபாய்க்கு ஊரே பார்க்கணுமா?"

பொண்ணோட பழைய சைக்கிளை நான் தனியா வித்திருந்தா 1,000-னு போட்டு 700-க்கு முடிச்சிருப்பேன். ஏலத்துல ரெண்டு அப்பாக்கள் போட்டி போட்டு 1,450-க்குப் போச்சு. மிக்ஸி 400-லயே நின்னுடுச்சு. நாலு டைனிங் நாற்காலிக்கு ஒரே ஒரு ஆள், நூறு ரூபாய். குடுத்துட்டேன். நூறுன்னு ஆரம்பிச்சுட்டு நூறுக்குக் குடுக்க மாட்டேன்னா அடுத்த பொருளுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. ஒன்பது பொருள் போய் 6,850 ரூபாய் வந்துச்சு. மிச்சம் ரெண்டு பழைய பேப்பர் கடைக்குப் போச்சு. ஒரு வாரக் கடைசியில முடிஞ்சது. தெரியாத ஆள் யாரும் வீட்டுக்குள்ள வரலை, "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க"ன்னு நூறு மெசேஜ் வரலை. முகம் தெரிஞ்சவங்க நடுவுல ஏலம் நல்லாவே வேலை செய்யுது. முகம் தெரியாத இடத்துலதான் அது நம்ம ஊர்ல எடுபடலைன்னு நினைக்கறேன்.

விக்க அவசரப்படணும்னு சொன்னேன், அதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு: சீசன். பொத்தேரி பக்கம் மே மாசம் பாருங்க. படிப்பு முடிச்சுப் போற பசங்க கட்டில், மெத்தை, ஏர் கூலர், டேபிள் எல்லாத்தையும் கிடைச்ச விலைக்குத் தள்ளுவாங்க. அந்தச் சமயம் நீங்களும் கட்டில் விக்கப் போனா அடிமாட்டு விலை. ஜூலை, ஆகஸ்ட்ல புதுப் பசங்க வருவாங்க, அப்ப விலை வேற. ஏர் கூலரை மார்ச்ல வித்துடுங்க. ஐப்பசி மழையில யார் வாங்குவா?

துணிமணி

துணி விஷயத்துல நான் கொஞ்சம் கறார். ஒவ்வொரு சட்டையா ஃபோட்டோ எடுத்து 150 ரூபாய்னு போட்டு, கூரியருக்கு 80 ரூபாய் குடுத்து, அளவு சரியில்லைன்னு திட்டு வாங்கறது வேண்டவே வேண்டாம். உங்க ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கே தெரியும். எங்க பாட்டி பழைய துணியெல்லாம் மூட்டை கட்டி வாசல்ல பாத்திரக்காரர்கிட்ட குடுத்து ஒரு எவர்சில்வர் டப்பா வாங்குவாங்க. பேரம் அரை மணி நேரம் நடக்கும். அந்த டப்பா இன்னும் எங்க வீட்டுல உளுத்தம்பருப்புக்கு இருக்கு. அந்த மாதிரி மொத்தமா ஒரே தடவை முடிங்க. குழந்தைத் துணியை வயசு வாரியா மூட்டையாக்கி, "2-3 வயசு, 20 துணி, 500 ரூபாய்"னு போட்டா உடனே போகும். இல்லைன்னா நல்லா துவைச்சு, மடிச்சு, வேணுங்கறவங்களுக்குக் குடுங்க.

பட்டுப்புடவை மட்டும் தனி. வாசல்ல "பழைய பட்டு வாங்கறோம்"னு வர்றவங்ககிட்ட அவசரப்பட்டுக் குடுக்காதீங்க. சுத்த ஜரிகைன்னா வெள்ளி இழை, மேல தங்க முலாம். அம்மா, பாட்டி காலத்துப் புடவைன்னா அதுல நிஜமான வெள்ளி இருக்க வாய்ப்பு இருக்கு. காஞ்சிபுரம் நமக்கு எட்டின தூரம்தான். ரெண்டு மூணு கடையில ஜரிகையை உரசிப் பார்த்து விலை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வெள்ளி அழுகற மீன் இல்லை. இங்க காத்திருக்கலாம்.

பேரம் பேசாத ஆள்

ஆன்லைன்ல கட்டிலைப் போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு ஃபோன் வரும். ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றேன், உங்க விலைக்கே எடுத்துக்கறேன், பொருளைப் பார்க்கக்கூட வேண்டாம், க்யூ.ஆர். கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, காசு வந்துடும். நண்பர்களே, நம்ம ஊர்ல ஒருத்தர் பழைய கட்டிலைப் பேரம் பேசாம வாங்கறார்னா அங்கயே சந்தேகப்படுங்க. க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா காசு போகும். வர்றதுக்குப் பின் நம்பர் தேவையே இல்லை. தனி நபர் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட யூ.பி.ஐ.ல காசு கேட்டு "ரிக்வெஸ்ட்" அனுப்பற வசதியை 2025 அக்டோபர்ல இருந்து நிறுத்தினதுகூட இந்த மோசடியாலதான். க்யூ.ஆர். இன்னும் இருக்கு, அதனால ஏமாத்தறவங்களும் இருக்காங்க. மாட்டிக்கிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு உட்காராதீங்க, உடனே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க. நேரம் ஆக ஆக காசு கணக்கு மாறிக்கிட்டே போகும், பிடிக்க முடியாது.

படிச்சவங்கதான் இதுல அதிகம் மாட்டறாங்கன்னு எனக்குத் தோணுது. காரணம், கேட்ட விலை முழுசா கிடைக்குதுங்கற சந்தோஷம். அதே கடைசி ஆயிரம்.

வரி உண்டா?

எங்க ஊர்ல ஜி.எஸ்.டி.ன்னா முதல்ல ரோடுதான், வரி அப்புறம். நீங்க உபயோகிச்ச வீட்டுச் சாமானை விக்கறதுக்கு அந்த வரி கிடையாது, ஏன்னா நீங்க வியாபாரம் பண்ணலை. வருமான வரியும் கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த அசையும் பொருள், உடை, ஃபர்னிச்சர் எல்லாம் மூலதனச் சொத்தே இல்லைன்னு 1961 சட்டத்தோட 2(14) பிரிவு சொல்லுச்சு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த 2025 சட்டத்துலயும் அந்த விலக்கு தொடருது. சொந்த உபயோக பைக், கார், ஃபிரிட்ஜ் எல்லாம் இதுல வரும். லாபத்துக்கு வரி இல்லைங்கற மாதிரியே நஷ்டத்தையும் கழிக்க முடியாது. "கார்ல நாலு லட்சம் நஷ்டம் சார், ஷேர் லாபத்துல கழிச்சுக்கலாமா?"ன்னு வருஷா வருஷம் ஒருத்தராவது கேக்கறாங்க. முடியாது.

நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் இதெல்லாம் இந்த விலக்குல வராது. நகையை ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதம். உடையில வெச்சுத் தைச்ச நகைகூட நகைதான்னு சட்டம் தெளிவா எழுதி வெச்சிருக்கு, எந்த ராஜா வீட்டு அங்கியைப் பார்த்து எழுதினாங்களோ. உங்க அம்மாவோட ஜரிகைப் புடவையை நான் துணின்னுதான் சொல்லுவேன்.

ரெண்டு பேர் மட்டும் ஜாக்கிரதை. தொழில் கணக்குல லேப்டாப்புக்கோ காருக்கோ தேய்மானம் எழுதினவங்க, அதை வித்த காசைத் தேய்மானக் கணக்குல கழிச்சே ஆகணும். அடுத்தது, மே மாசம் பசங்ககிட்ட கட்டில் வாங்கி ஜூலைல விக்கறவங்க. அது வியாபாரம். லாபம் வருமானத்துல வரும். தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விக்கறவங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு வருஷத்துக்கு 40 லட்சம்கிறதால அந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது. கார் விக்கறவங்க ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கு.

பைக் விஷயத்துக்கு வர்றேன்

என் கிளையண்ட் நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சார், நான்தான் வித்துட்டேனே?" காசு வாங்கினதுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கு. வாங்கினவரோட சாட் இருக்கு. இது போதாதா?

இழப்பீட்டு விஷயத்துல போதாது. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அதுல ஒரு கார் பல கை மாறியிருந்தது, ஆனா ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேர்லயே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பேர்ல பதிவு இருக்கோ அவர்தான் "உரிமையாளர்", இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான்னு தீர்ப்பு. அடிபட்டவரோட குடும்பம் வண்டி யார் யார் கைக்கு மாறுச்சுன்னு தேடிக்கிட்டு அலையக் கூடாதுங்கறது நீதிமன்றத்தோட நியாயம். யோசிச்சுப் பார்த்தா அது சரியாத்தான் படுது. அந்தப் பெரியவர் வீட்டுக்காரங்களுக்கு வேற யாரைத் தெரியும்?

விக்கறவருக்கு இருக்கற வேலை ஒண்ணும் பெரிசு இல்லை. ஃபார்ம் 29, வித்துட்டேன்னு நீங்க சொல்றது. ஃபார்ம் 30, வாங்கறவர் பேர் மாத்தக் கேக்கறது. சட்டத்தோட 50-வது பிரிவு விக்கறவருக்கு 14 நாள் குடுக்குது, வாங்கறவருக்கு 30 நாள். கடன்ல வாங்கின வண்டின்னா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் முதல்ல. தேதி, பேர் போடாத வெத்து ஃபார்ம்ல மட்டும் கையெழுத்து போடாதீங்க. நண்பரா இருந்தாலும் சரி, "நான் டெய்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறவன்"னு சொல்ற புரோக்கரா இருந்தாலும் சரி. ஆர்.சி.யில புதுப் பேர் ஏறினதை பரிவாஹன் தளத்துல நீங்களே நம்பர் போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் விலையில ஒரு பகுதியைக் குறைச்சுக் குடுத்தாவது, பேர் மாத்தற வேலையைச் சேர்ந்து போய் முடிக்கறவருக்கே வண்டியைக் குடுங்க.

ஏற்கனவே வித்துட்டு, பேர் மாறலைன்னா? வாங்கினவரோட அடையாள அட்டை நகல், காசு வந்த ஆதாரம், தேதி எல்லாத்தையும் சேர்த்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்துல குடுங்க, பதிவுத் தபால்ல ஒரு காப்பி. அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மூணாம் நபர் பாலிசியை உங்க காசுல போடறதுகூட தப்பில்லைன்னு நான் சொல்லுவேன். வித்த வண்டிக்கு நான் ஏன் கட்டணும்னு கோபம் வரும். பேர் மாறற வரைக்கும் கட்டுங்க.

அவருக்கு ஒரு வக்கீலைப் பார்த்துக் குடுத்திருக்கேன். 28,000-க்குப் பைக்கை வாங்கினவரோட ஃபோன் நம்பர் இப்ப உபயோகத்துல இல்லை. 26,500 தர்றேன்னு வந்தவரோட மெசேஜ் மட்டும் அவர் ஃபோன்ல இன்னும் இருக்கு: "அண்ணா, திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. போயிடலாமா?"

ஃபார்ம் 29, 30 ரெண்டையும் வரி வரியா எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வார வீடியோல காட்டறேன். ஆர்.சி. காப்பியைக் கையில வெச்சுக்கிட்டுப் பாருங்க.